துரு என்று ஒரு மொழி

பாம்பனில் உட்கார்ந்துகொண்டு
துரு என்று பெயர் வைத்த மொழியை
இறக்கிக்கொண்டிருக்கிறேன்.
இங்கே கதவுக் கீலுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய்.
ஃபேன் இறக்கைக்கு வருஷம் ஒரு பெயிண்ட்.
சைக்கிள் செயினைக் கடலுக்கே எழுதிக் கொடுத்தாயிற்று.
"வேற பேரே கெடைக்கலையாக்கா அவனுங்களுக்கு?"
ஐஸ் உடைக்கும் ரெஜிஸ் கேட்கிறான்.

நண்டுக் கம்பெனிக் கொட்டகை, இரவு பதினொன்று.
பழைய நிரல் தராசோடு பேசும்போதே
பாதியில் உறைந்துவிடுகிறது.
நேற்று இருதயமேரியின் கூடையை
மூன்று தடவை ஏற்றி இறக்கினோம்.
நாலாம் தடவை அவளே தூக்கிப் பார்த்து
ஏழே கால் என்றாள்.
எழுதிக்கொண்டேன்.

முதலில் எடிட்டர்.
வெள்ளைத் திரைக்குப் பூச்சி வரும், கறுப்பு வைத்தேன்.
டேப் தட்டினால் நாலு இடைவெளி,
சேமித்தால் தானாக வரிசை.
மொழிக்கான நீட்சி மட்டும்
முப்பத்தெட்டு சதவீதத்தில் நின்றுவிட்டது.
தெர்மாகோல் பெட்டிகளின் உச்சியில் போனை வைத்தால்
இரண்டு கோடு,
கச்சான் அடித்தால் ஒன்று.
நடுவே அக்கரைக் கோபுரம் எட்டிப் பார்த்து
இலங்கைக்கு நல்வரவு என்று
குறுஞ்செய்தி போட்டது.
நான் எழுந்திருக்கக்கூட இல்லை.

மாறிக்கு எடை என்றே பெயர் வைத்தேன்.
மொழி ஒப்புக்கொண்டது.
எழுத்துருதான் முரண்டு.
எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்று
கட்டம் போட்டு வைத்திருக்கிறது;
டை அடுத்த கட்டத்துக்குள் முழங்கையை நீட்டுகிறது.
கர்சர் எழுத்தின் வயிற்றுக்குள் நின்று முழிக்கிறது.
நாலாவது எழுத்துருவில்
கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தது,
மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக.

பிறகு முதல் சிவப்பு நெளிவு,
வரிக்கு அடியில், தூண்டில் புழு மாதிரி.
சுட்டியைக் கொண்டுபோனால் சொல்கிறது:
எடையை மேலே ஒருவரிடம் கொடுத்துவிட்டாய்,
அது இப்போது உன்னுடையது இல்லை.
வேண்டுமானால் இரவல் கொடு.
திரும்பி வரும்வரை திருத்தாதே.

சுவரில் தொங்குகிற முன்பண நோட்டைப் பார்த்தேன்.
இருதயமேரி, பதினெட்டாயிரம்.
அவள் வலையில் இன்னும் ஏறாத நண்டு
அதில் ஏறிவிட்டது.
அந்த வரிக்கு அடியில்
எதுவும் நெளியவில்லை.

பெயருக்கு முன்னால் ஒரு குறி சேர்த்தேன்,
பார்க்க வலை முடிச்சு மாதிரி இருக்கும்.
சிவப்பு போனது.
ஓட்டினேன்.
எடை: 0.000
ரெஜிஸ் ஒரு காலைத் தராசில் வைத்தான்.
எடை: 0.000
போர்ட் எண் சரி, வேகம் சரி,
நிரலை நாலு முறை வாசித்தேன்,
மொழி என்மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை.
மணி இரண்டரை.
கடைசியில்தான் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன்.
ஒன்பது ஊசியில் மூன்று பழுப்பு.

ரெஜிஸுக்கு அப்படி ஒரு சிரிப்பு.
"பேரு சரியாத்தான் வச்சிருக்கானுவ."
பிளேடால் சுரண்டி
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து
ஊதிச் செருகினோம்.
மறுபடி காலை வைத்தான்.
எடை: 31.450
அவன் சாயச் சாய எண் ஏறியது, இறங்கியது.
காலை எடுத்தான், எண் விழுந்தது.
எங்கேயும் உறையவில்லை.
இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன்.

திரையை வாசல் பக்கம் திருப்பினேன்,
கூடை வைக்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி.
எந்த மெனுவிலும் இல்லாத அமைப்பு;
முதலாளி வந்தால் என்ன சொல்வாரோ.

இருதயமேரி வர இன்னும் ஒன்றரை மணி நேரம்.
வேலை முடிந்துவிட்டது, தூக்கம் வரவில்லை.
குறிப்பு வரிகளின் நிறத்தை
மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
சாம்பல் பிடிக்கவில்லை.
பச்சையும் சரியாக வரவில்லை.